18, 12, 14: பழைய பாணிச் சின்ன டிரம் செட்டை நாமே சேர்த்துக் கட்டுவது

பழைய காலத்து டிரம் செட்டின் சத்தம் வேண்டும் என்பவர்கள் முதலில் மரத்தைத்தான் விசாரிக்கிறார்கள். மேப்பிளா, பிர்ச்சா, மஹாகனியா என்று. என் கணக்கில் மரம் நாலாவதாக வருகிற விஷயம். அதற்கு முன்னால் மூன்று இருக்கின்றன: ஷெல் என்கிற உருளைக் கூட்டின் ஆழம், ஸ்கின் படியும் அதன் விளிம்பின் வடிவம், மேலே போர்த்தும் ஸ்கின். இந்த மூன்றும் சரியாக அமைந்தால், மெல்லிசைக் குழு ஒன்று ஓரங்கட்டிய சாதாரண செட்டிலிருந்தே அந்த உருண்டையான, சீக்கிரம் அடங்குகிற சத்தத்தை எடுத்துவிடலாம். இந்த மூன்றில் ஒன்று பிசகினாலும் எவ்வளவு விலை உயர்ந்த மரமும் கைகொடுக்காது.

இங்கே பேசப்போவது 1960-களில் சின்ன ஜாஸ் குழுக்கள் வைத்திருந்த நாலு துண்டுச் செட். காலால் பெடலை மிதித்து அடிக்கும் பேஸ் டிரம் 18 அங்குல விட்டம், 14 அங்குல ஆழம். சின்ன டாம் 12-க்கு 8. தரை டாம் 14-க்கு 14. ஸ்னேர், அதாவது கீழ் ஸ்கின்னில் கம்பி இழைகள் உரசும் டிரம், 14-க்கு 5 அல்லது 5½. 1980-களில் ஆழம் கூடிய செட்டுகள் பரவின. 12 அங்குல டாம் 10, 11 அங்குல ஆழத்துக்குப் போனது, பேஸ் 22-க்கு 16 ஆனது. மேல் ஸ்கின்னில் விழுகிற அடி, உள்ளே இருக்கும் காற்றைத் தள்ளிக் கீழ் ஸ்கின்னை அசைக்க வேண்டும். ஆழம் கூடினால் மெல்லிய அடிக்குக் கீழ் ஸ்கின் எழும்பாது, ஓங்கி அடித்தால்தான் முழுச் சத்தம் கிடைக்கும். 8 அங்குல டாம் விரலால் தட்டினாலே பேசும். அதனால்தான் பின்னாளைய ஷெல் கிடைத்தாலும் அதை வெட்டிக் குறைப்பது வீண் வேலை அல்ல.

பேஸ் 18-ஆ, 20-ஆ என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். சின்ன அறை, ஜூன் 21 இசை நாளில் தெருமுனை வாசிப்பு, ஆட்டோவின் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு போவது என்றால் 18. தேவாலயப் பாடற்குழு, மெல்லிசை மேடை இரண்டுக்கும் ஒரே செட் என்றால் 20-க்கு 14 எடுங்கள். 18-ன் சுருதி உயரத்தில் நிற்கும். சினிமாப் பாட்டுக்கு அடியில் கனம் போதாது.

துண்டுகள் எங்கே கிடைக்கும்

ஷெல்லுக்கு முதல் இடம், கடலூர், புதுச்சேரிப் பக்கத்து மெல்லிசைக் குழுக்களும் பாடற்குழுக்களும் புதுச் செட் வாங்கியபின் மூலையில் போட்டுவைத்த பழசு. முழுச் செட்டாக இருக்க வேண்டியதில்லை. ஒரு தரை டாம் தனியாகக் கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளலாம். புதுச்சேரி மகாத்மா காந்தி சாலையின் ஞாயிறு சந்தையில் ஸ்டாண்டு, ஸ்கின்னை அழுத்திப் பிடிக்கும் ரிம் மாதிரியான உதிரிகள் கண்ணில் பட்டால் கையில் வெர்னியர் அளவி இல்லாமல் விலை பேசாதீர்கள். ஸ்கின், ஸ்னேர் ஒயர், கிளாம்புகளுக்குச் சென்னை அண்ணா சாலைதான். 1842-இலிருந்து நடக்கும் மியூசி மியூசிக்கல் அங்கேதான் இருக்கிறது. பேண்டு வாத்தியங்களுக்குப் பேர்போன மீரட்டின் ஜாலி கோத்தியிலிருந்து வரும் பித்தளை ஷெல் பக்க டிரம்களும் ஸ்னேர் கட்ட உதவும், மரைகளைச் சரிபார்த்தபின்.

ஷெல்லை வாங்கும்போது பார்க்க வேண்டியவை. ரிம்மையும் ஸ்கின்னையும் கழற்றிவிட்டு விட்டத்தை நாலு திசையில் அளக்க வேண்டும். அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் 1.5 மி.மீ.-க்குள் வித்தியாசம் இருந்தால் நல்ல ஷெல். 3 மி.மீ. தாண்டினால் விட்டுவிடுங்கள், முட்டை வடிவ ஷெல்லில் ஸ்கின் ஒரு பக்கம் இறுகி, மறுபக்கம் சுருங்கும், எத்தனை முறை சுருதி கூட்டினாலும் நிற்காது. 12 அங்குலம் என்பது 304.8 மி.மீ., ஆனால் ஷெல்லின் வெளிவிட்டம் ராப் என்கிற பிளாஸ்டிக் மேலுறை ஒட்டியபின் 301 முதல் 302-க்குள் இருக்க வேண்டும். 14-க்கு 352, 353. 18-க்கு 454. அந்த 3, 4 மி.மீ. இடைவெளிதான் ஸ்கின் தானாக நடுவில் உட்கார விடுகிறது. சோதனை எளிது: புது ஸ்கின்னை மேலே வைத்துச் சுழற்றுங்கள், தடையில்லாமல் சுற்ற வேண்டும்.

பிறகு விரல் முட்டியால் சுற்றிலும் தட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் சடசடவென்று கேட்டால் பிளை, அதாவது ஒட்டிய மர அடுக்கு, விட்டிருக்கிறது. நம் ஊரில் இது பேஸின் அடிப்பக்கத்திலும் தரை டாமின் கீழ் விளிம்பிலும்தான் அதிகம். மழைக்காலத்தில் ஈரத் தரையில் நிற்பதால். 5 செ.மீ. நீளம் வரை விட்டிருந்தால் சரிசெய்யலாம். ஃபெவிகால் மரைனில் கொஞ்சம் தண்ணீர் கலந்து, ஊசியால் உள்ளே செலுத்தி, வளைவுக்கேற்ற மரக்கட்டைகளை இருபுறமும் வைத்துக் கிளாம்பு போட்டு ஒரு நாள் விட்டால் பிடித்துக்கொள்ளும். உள்ளே மாவுபோல மரத்தூள் உதிர்ந்தால் உளுத்துப்போனது, தொடவே வேண்டாம்.

மரைதான் முதல் தலைவலி

வெவ்வேறு இடத்திலிருந்து சேர்க்கும் செட்டில் அதிகம் வீணாவது ராடும் (ரிம்மை இழுத்து இறுக்கும் நீளத் திருகு) லக்கும் (ஷெல்லில் பொருத்தி அந்தத் திருகைப் பிடிக்கும் உலோகத் துண்டு) பொருந்தாமல் போவதால். அமெரிக்கப் பாணி டிரம்களிலும் அதைப் பின்பற்றும் பெரும்பாலான ஆசியத் தயாரிப்புகளிலும் டென்ஷன் ராட் 12-24 மரை: வெளிவிட்டம் 5.49 மி.மீ., அங்குலத்துக்கு 24 சுற்று, அதாவது சுற்றுக்குச் சுற்று 1.06 மி.மீ. உள்ளூர்ப் பட்டறையில் செய்ததில் எம் 6 இருக்கலாம்: 6 மி.மீ., சுற்றுக்கு 1 மி.மீ. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். 12-24 ராடை எம் 6 நட்டில் விட்டால் நாலைந்து சுற்று தளதளவென்று ஏறும், பிறகு பிடிக்கும் அல்லது இழுத்ததும் மரை தின்றுவிடும். எம் 6 ராட் 12-24 நட்டில் நுழையவே நுழையாது. வாங்கப் போகும்போது ஒரு நல்ல 12-24 ராடும் ஒரு நட்டும் பையில் இருந்தால் இந்தக் குழப்பம் வராது.

லக்கை ஷெல்லோடு பிடிக்கும் திருகு எம் 4 அல்லது 8-32. இரண்டும் 4 மி.மீ. சுமார்தான், ஆனால் ஒன்றில் மற்றொன்று ஏறாது. பழைய திருகு துருப்பிடித்திருந்தால் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எம் 4 போடலாம், லக் எம் 4 ஆக இருந்தால். உள்பக்கம் 12 மி.மீ. அகல வாஷர் கட்டாயம். சின்ன வாஷர் பிளையில் புதைந்து லக் ஆட ஆரம்பிக்கும்.

எண்ணிக்கை: பேஸுக்குப் பக்கத்துக்கு 8 வீதம் 16 ராட். அதில் பெடல் மாட்டும் பக்கத்தின் அடியில் வரும் இரண்டு மட்டும் சாவியால் திருகும் ராட், மற்றவை டி வடிவக் கைப்பிடி வைத்தவை; கைப்பிடி பெடலில் இடிக்கக் கூடாது. சின்ன டாமுக்கு 6 வீதம் 12, தரை டாமுக்கு 6 வீதம் 12, ஸ்னேருக்கு 8 வீதம் 16. ஆக மொத்தம் 56. நாலு உபரி சேர்த்து 60. ராட் லக்குக்குள் குறைந்தது 8 மி.மீ. மரை பிடிக்க வேண்டும், ஆனால் அடியை முட்டக் கூடாது. முட்டினால் சாவி இறுகியதாகத் தோன்றும், ஸ்கின் மட்டும் தளர்ந்தே கிடக்கும்.

லக் எண்ணிக்கையை ரிம்மைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். 6 துளை ரிம்மும் 8 துளை ரிம்மும் சுலபமாகக் கிடைப்பதால் மேலே சொன்ன கணக்கு. தரை டாமுக்கு 6 என்பதில் இன்னொரு வசதி உண்டு. மூன்று கால்களும் 120 பாகையில் நிற்க வேண்டும். 6 லக் 60 பாகைக்கு ஒன்று வருவதால் கால் பிடிப்பான்கள் லக்குகளின் நடுவே சரியாக விழும். 8 லக் வைத்தால் 45 பாகை, அது 120-ஐப் பிரிக்காது. கால்கள் 135, 135, 90 என்று கோணலாக நிற்கும். கால் கம்பி 9.5 மி.மீ., 10.5 மி.மீ. என்று இரண்டு வகை, பிடிப்பானும் அதற்கேற்ப. சின்ன டாமுக்குத் துளை போடாமல் ஒரு ஸ்னேர் ஸ்டாண்டில் உட்கார வைத்துவிடுவதுதான் எனக்குப் பிடித்த வழி. ஷெல்லில் தேவையில்லாத இரும்பு ஒன்று குறைகிறது.

ரிம்மில் 1.6 மி.மீ. தகடு, 2.3 மி.மீ. தகடு என்று இரண்டு தடிமன் பரவலாகக் கிடைக்கும். பழைய சத்தத்துக்கு 1.6. கனத்த ரிம் சுருதியைக் கெட்டியாகப் பிடிக்கும், ஆனால் ஷெல்லின் ஓசையை அடைத்துவிடும்.

வெட்டுவது

12-க்கு 10 டாமை 8 ஆக்க வேண்டும், அதாவது 203 மி.மீ. எந்தப் பக்கத்தை வெட்டுவது? லக் துளைகள் விளிம்பிலிருந்து 50 மி.மீ.-க்குள் இருக்கும் பக்கத்தை வெட்டினால் பழைய துளைகள் கழிவோடு போய்விடும். நடுவில் இருக்கும் ஸ்டாண்டு துளைக்கு மரமுளை அடித்துச் சமமாக்கி, மேலே ராப் ஒட்டினால் மறைந்துவிடும்.

கோடு போட சார்ட் பேப்பர் போதும். நேராக வெட்டிய பட்டையை ஷெல்லைச் சுற்றிக் கட்டி, இரண்டு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் விழும்படி ஒட்டினால் அதன் ஓரம் உண்மையான வட்டக்கோடு. அதன்மேல் மாஸ்கிங் டேப். நுண்பல் கைவாளால் கோட்டுக்கு 2 மி.மீ. வெளியே அறுக்க வேண்டும். ஒரே இடத்தில் துளைத்து உள்ளே போய்விடக் கூடாது. சுற்றிலும் 1 மி.மீ. ஆழக் கீறல், ஷெல்லைத் திருப்பிக்கொண்டே இன்னொரு சுற்று, இன்னொரு சுற்று. இல்லாவிட்டால் உள்பக்கப் பிளை நார்நாராகப் பிய்யும். டேபிள் சாவில் சுழற்றி அறுக்கும் ஆசாரிகள் உண்டு. கைப்பழக்கம் இல்லாதவர் அந்த வேலையில் இறங்கக் கூடாது, உருண்டை பிளேடில் மாட்டித் தூக்கி எறியும்.

மிச்சம் இருக்கும் 2 மி.மீ.-ஐத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். கிரானைட் கடையில் 2 அடிக்கு 2 அடி பாலிஷ் செய்த வெட்டுத்துண்டு கிடைக்கும். கடப்பாக் கல் உதவாது, அதில் மேடு பள்ளம் இருக்கும். கல்லின்மேல் இரும்பு ஸ்கேலை நிறுத்தி ஒளி தெரியவில்லை என்று உறுதி செய்துகொண்டு, 80 எண் உப்புத்தாளை ஒட்டுங்கள். ஷெல் விளிம்பில் 16 இடத்தில் பென்சில் குறி போட்டு, கவிழ்த்து வைத்துத் தேயுங்கள். பத்து இழுப்புக்கு ஒருமுறை கால் வட்டம் திருப்ப வேண்டும், ஏனென்றால் கை எப்போதும் ஒரு பக்கமே அழுத்தும். எல்லாக் குறியும் ஒரே நேரத்தில் மறைந்தால் தளம் வந்துவிட்டது. அப்புறம் 150. இரவில் விளக்கை அணைத்து, கல்லின்மேல் ஷெல்லைக் கவிழ்த்து உள்ளே ஒரு சின்ன பல்ப் வைத்தால், ஒரு தாள் தடிமன் சந்து கூட வெளிச்சக் கீற்றாகக் காட்டிக்கொடுக்கும். இரண்டு விளிம்புகளுக்கும் நடுவே உயரத்தை எட்டு இடத்தில் அளந்து அரை மி.மீ.-க்குள் கொண்டுவாருங்கள்.

இந்த ஒரு வேலைக்கு ஒரு முழுநாள் போனாலும் போகட்டும். செட் முழுவதிலும் இதைவிடப் பலன் தரும் வேலை வேறில்லை.

வளையமும் விளிம்பும்

1960-களின் பல செட்டுகளில் ஷெல் மெல்லியது. மூன்று பிளை, மேலும் கீழும் உள்பக்கம் ஒரு மர வளையம். நம் கையில் இருப்பது 7 மி.மீ.-க்கு மேல் என்றால் வளையம் தேவையில்லை. 5, 6 மி.மீ. என்றால் போடுங்கள், ஷெல் வட்டம் மாறாமல் நிற்கவும், விளிம்பை உருட்டச் சதை கிடைக்கவும். பீச் அல்லது தேக்கில் 2 மி.மீ. பட்டை, 28 மி.மீ. அகலம், மூன்று அடுக்கு. 302 மி.மீ. ஷெல்லில் சுவர் 6 என்றால் உள்விட்டம் 290, முதல் பட்டை நீளம் 911 மி.மீ.; அடுத்தது 898.5, மூன்றாவது 886. ஒவ்வொன்றையும் அரை மி.மீ. கூடுதலாக வெட்டினால் அழுத்தி உட்காரும். வெந்நீரில் ஊறவைத்து ஷெல்லுக்குள்ளேயே வளைத்து ஒரு நாள் காயவிட்டு, பிறகுதான் பசை. மூன்று இணைப்புகளும் ஒரே இடத்தில் வரக் கூடாது, 120 பாகைக்கு ஒன்றாகத் தள்ளிவையுங்கள். ஈரத்தோடு ஒட்டினால் பட்டை காயும்போது சுருங்கி, இணைப்பில் வாய் பிளக்கும்.

இப்போது விளிம்பு. இன்றைய ஷெல்லில் உள்ளே 45 பாகைச் சரிவு, மேலே கத்தி முனை. ஸ்கின் 1 மி.மீ.-க்கும் குறைவாகவே மரத்தைத் தொடும். சத்தம் கூர்மையாக, நெடுநேரம் நிற்கும். பழைய விளிம்பு உருண்டை. 3, 4 மி.மீ. அகலம் ஸ்கின் மரத்தில் படிந்திருக்கும். மேல்சுரங்கள் அந்த இடத்திலேயே அமுங்கும், அடிநாதம் மட்டும் மிஞ்சும். கேட்கிறவர் இதைத்தான் 'பழைய சத்தம்' என்கிறார்.

வளையத்தோடு 11, 12 மி.மீ. தடிமன் இருந்தால், ரௌட்டர் மேசையில் பேரிங் வைத்த 45 பாகை பிட்டால் உள்பக்கத்திலிருந்து சரிவு எடுத்து, உச்சி வெளிச்சுவரிலிருந்து 5 மி.மீ. தள்ளி நிற்கும்படி விடுங்கள். பிறகு வெளிப்பக்கம் 5 மி.மீ. ஆர உருட்டு பிட். ஒரே மூச்சில் முழு ஆழம் எடுக்கக் கூடாது, 1.5 மி.மீ. வீதம் பல சுற்று. பிட் சுழலும் திசைக்கு எதிராகவே ஷெல்லைத் தள்ள வேண்டும், திசை மாறினால் ஷெல்லைப் பிடுங்கிக்கொண்டு ஓடும். வளைய இணைப்பில் மேடு இருந்தால் பேரிங் அதில் ஏறி இறங்கி, விளிம்பிலும் அதே அலை விழும், ஆகவே இணைப்பை முன்பே சமமாக்க வேண்டும். ரௌட்டர் வேலை முடிந்ததும் 220 எண் தாளால் கையாலேயே உச்சியைத் தடவி உருட்டுங்கள், மறுபடி கல்லும் பல்பும். கடைசியில் மெழுகுவத்தியை விளிம்பில் ஒரு சுற்றுத் தேய்த்தால் ஸ்கின் வழுக்கிக்கொண்டு சீராக உட்காரும். மரத்துக்குள் ஈரமும் ஏறாது.

மேல்பூச்சு

ராப் ஒட்டுவதென்றால் அரை மி.மீ. தடிமன் எடுங்கள். சன்மைக்கா வேண்டாம், 1 மி.மீ. தாள் 12 அங்குல வளைவில் வெடிக்கும், ஒட்டிக்கொண்டாலும் விட்டத்தில் 2 மி.மீ. கூட்டி ஸ்கின்னை இறுக்கும். சின்ன டாமுக்கு நீளம் 949 சுற்றளவு, அதோடு 25 மி.மீ. மேல்மடிப்பு. மடிப்பு ஒரு லக் வரிசையின் அடியில் போகட்டும், பேஸில் அடிப்பக்கம். ஓரத்தை விளிம்பு உருட்டு தொடங்கும் இடத்துக்கு 2 மி.மீ. கீழேயே நிறுத்துங்கள்.

ஃபெவிகால் எஸ்.ஆர். 998 போன்ற ரப்பர் பசையை இரண்டு பரப்பிலும் தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத நிலை வரும்வரை காத்திருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலை ஆகாது. பசையின் கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து வெண்படலம் கட்டும். ஒட்டியது போலத் தெரிந்து ஒரு மாதத்தில் கொப்புளமாக எழும்பும். பங்குனி, சித்திரையில் பகல் 11 மணிக்குச் செய்யுங்கள். இரண்டுக்கும் நடுவே டிரேசிங் தாள் வைத்து, மடிப்பு முனையிலிருந்து ஒட்டிக்கொண்டே தாளை இழுத்தால் கோணல் வராது.

மரத்தின் முகம் நன்றாக இருந்தால் ராப் எதற்கு? பழைய மேசை நாற்காலிக்கு மெருகு போடும் ஆட்கள் புதுச்சேரியில் இருக்கிறார்கள், அவர்களிடம் பிரெஞ்சு பாலிஷ் போடலாம். மழை நாளில் போட்டால் அதுவும் வெளுக்கும்.

துளை எப்போதும் ராப்புக்குப் பிறகு. 302 மி.மீ. ஷெல்லில் 6 லக் என்றால் மையத்துக்கு மையம் 158.1 மி.மீ.; 352-இல் 6 என்றால் 184.3, 454-இல் 8 என்றால் 178.3. இதை நாடாவால் ஒவ்வொன்றாக அளந்துகொண்டே போனால் பிழை கூடிக்கொண்டே போகும். சுற்றளவு நீளத்தில் ஒரு காகிதப் பட்டை வெட்டி, அதை மடித்துப் பிரித்து, அதைச் சுற்றிக் குறியிடுங்கள். மாஸ்கிங் டேப், உள்ளே அண்டக் கொடுத்த மரக்கட்டை, முதலில் 3 மி.மீ., பிறகு 5 மி.மீ. டிரில்லை மெதுவாக ஓட்டுங்கள், சூட்டில் ராப் உருகிச் சுருளும். ஒவ்வொரு ஷெல்லிலும் 12 மி.மீ. காற்றுத்துளை ஒன்று, பித்தளை வளையத்தோடு.

ஸ்னேர்: பலாவில் ஒன்று

மிருதங்கக் கட்டை பலாமரம். தஞ்சாவூர் வீணைக்குப் பண்ருட்டிப் பலா போகிறது. அந்த மரம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கும்போது, இந்த ஒரு டிரம்மையாவது பிளையில் செய்யாமல் பலாப் பலகைகளைப் பீப்பாய் போலச் சேர்த்துச் செய்யலாம். 2011 டிசம்பர் 30 தானே புயல் பண்ருட்டிப் பக்கத்துப் பலாத் தோப்புகளைச் சாய்த்தது. அப்போது அறுத்து நிழலில் அடுக்கிய பலகை யாரிடமாவது இருந்தால் காய்ந்த மரத்துக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஈரமானியில் 12 விழுக்காட்டைச் சுற்றி இருக்கட்டும்.

14 அங்குலத்துக்கு 20 பலகை. ஒவ்வொன்றும் 18 மி.மீ. தடிமன், வெளிப்பக்க அகலம் 56.5 மி.மீ., இரு ஓரமும் 9 பாகைச் சரிவு, உயரம் 150 மி.மீ.; பிறகு 5½ அங்குலத்துக்கு, அதாவது 140 மி.மீ.-க்குக் குறைக்கலாம். கோணம்தான் உயிர். ஒரு ஓரத்தில் 0.1 பாகை பிசகினால் 40 ஓரங்களில் அது 4 பாகையாகிக் கடைசி இணைப்பு வாயைப் பிளந்து நிற்கும். ஆகவே பசை இல்லாமல் முதலில் அடுக்கி, டேப் போட்டு உருட்டிப் பாருங்கள். அப்படியும் சந்து தெரிந்தால் பத்துப் பத்தாக இரண்டு அரைவட்டம் ஒட்டி, அரைவட்டங்களின் வெட்டுமுகத்தைக் கல்லில் தேய்த்துச் சமமாக்கி, பிறகு இரண்டையும் சேர்ப்பது பிழையை விழுங்கிவிடும். வெளியே லாரி டியூப் ரப்பர் பட்டையைச் சுற்றி இறுக்கினால் கிளாம்பே வேண்டாம். பிறகு மரக்கடைசலிலோ, புதுச்சேரியின் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் பெரிய சக் உள்ள லேத்திலோ வெளிவிட்டம் 353, சுவர் 12 மி.மீ. வரும்வரை கடைந்தெடுக்க வேண்டும். லேத்காரர் இரும்புக்கான வேகத்தில் ஓட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டு அரை மி.மீ.-க்கு மேல் போனால் பலகை முனை சிதறும்.

பலகைகளின் இழை செங்குத்தாக நிற்பதால், மரம் ஈரம் உறிஞ்சி உப்புவது முழுவதும் சுற்றளவில்தான் தெரியும். கடற்காற்றில் விட்டம் கூடி ஸ்கின் இறுகாமலிருக்க, வெளியே பூசும் அதே மெருகை உள்ளேயும் அதே எண்ணிக்கையில் பூச வேண்டும். உள்ளே பச்சையாக விடுவது பலருடைய பழக்கம். இங்கே அது தவறு.

கீழ் விளிம்பில் ஸ்னேர் ஒயர் படியும் பள்ளம் இரண்டு, சரியாக எதிரெதிரே. ஆழம் நடுவில் 1 முதல் 1.5 மி.மீ., அகலம் 90 மி.மீ. சுமார், இருபுறமும் எங்கே தொடங்கியது என்று தெரியாதபடி சரிந்து கலக்க வேண்டும். அரைவட்ட அரத்தைவிட நீளக் கட்டையில் சுற்றிய உப்புத்தாள் நல்லது. பள்ளம் குறுகலாக, செங்குத்தாக இருந்தால் ஸ்கின் அந்த இடத்தில் மடிந்து, ஒயர் எப்போதும் கரகரத்துக்கொண்டே இருக்கும். 8 லக் என்பதால் ஒயரை இறுக்கித் தளர்த்தும் ஸ்ட்ரெய்னரும் மறுமுனையைப் பிடிக்கும் எதிர்ப்பிடியும் லக்குகளின் நடுவே, 180 பாகையில் தானாக அமையும். 20 இழை ஒயர் போதும்.

பேஸின் மர வளையமும் நிற்கும் உயரமும்

பேஸில் ரிம்முக்குப் பதிலாக வெளியே ஸ்கின்னைப் பிடிக்கும் மர வளையத்தை அளவு எழுதிவைத்துச் செய்யச் சொல்லாதீர்கள். வாங்கிய ஸ்கின்னைக் கையில் கொடுத்து, அதன் உலோக வளையத்தின்மேல் 2 மி.மீ. தளர்வோடு உட்காரும்படி செய்யச் சொல்லுங்கள். 2 மி.மீ. பட்டை ஐந்து அடுக்கு, அகலம் 40 மி.மீ. 18 அங்குலப் பேஸைத் தரையில் அப்படியே வைத்தால் சாதாரணப் பெடலின் சுத்தி மையத்துக்கு மேலே அடிக்கும். ஆகவே பெடல் பக்கம் சுமார் 2 அங்குலம் தூக்கும் தாங்கி வேண்டும். பெடல் அந்தத் தாங்கியில்தான் மாட்டப்படும், வளையத்தில் அல்ல. முன்பக்கக் கால்களையும் அதே உயரத்துக்கு நீட்டுங்கள்.

ஸ்கின்னும் சுருதியும்

1957-இல் ரெமோ பெல்லியின் பாலியெஸ்டர் ஸ்கின் விற்பனைக்கு வந்து, சில ஆண்டுகளில் கன்றுத்தோலை ஓரங்கட்டியது. தோல் ஈரத்தில் தொய்யும். புதுச்சேரியில் தோல் ஸ்கின் போட்டால் ஒவ்வொரு மாலையும் சுருதி கூட்டவே நேரம் போய்விடும். 1960-களின் சத்தம் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் வெண்பூச்சுள்ள ஒற்றைப் படலத்தின் சத்தம். ஆகவே மேலும் கீழும் 10 மில், அதாவது கால் மி.மீ., வெண்பூச்சு ஸ்கின். ஸ்னேரின் கீழே மட்டும் 3 மில். அதற்கென்று விற்பதைத்தான் போட வேண்டும், சாதாரண ஸ்கின் போட்டால் ஒயர் உயிர் பெறாது. எண்ணெய் அடைத்த இரட்டைப் படலங்கள் வேண்டாம், விளிம்பில் இவ்வளவு உழைத்ததெல்லாம் வீணாகும்.

எல்லா ராடையும் விரலால் இறுகும்வரை திருகி, பிறகு எதிரெதிராகக் கால் சுற்று வீதம் ஏற்றுங்கள். தரை டாமை ச என்று வைத்தால் சின்ன டாம் ம-வில் நிற்பது 14-க்கும் 12-க்கும் இயல்பு. கீழ் ஸ்கின் மேலதைவிட ஒரு சுரம் உயரத்தில். பேஸின் முன் ஸ்கின்னில் ஓட்டை போடாதீர்கள், உள்ளே தலையணையும் வேண்டாம், 7 செ.மீ. அகல ஃபெல்ட் பட்டை ஒன்றை ஸ்கின்னுக்கும் விளிம்புக்கும் இடையே, மையத்திலிருந்து தள்ளிச் செங்குத்தாகக் கொடுத்தால் போதும். அடக்குவதற்கு அவ்வளவுதான் தேவை.

அடித்தபின் எங்கோ ஸ்பிரிங் ரீங்காரம் கேட்டால் அது லக்குக்குள் இருக்கும் சுருள்வில். லக்கைக் கழற்றி உள்ளே ஃபெல்ட் துண்டு திணியுங்கள். ஸ்பாஞ்சு கூடாது, நம் காற்றில் அது பிசின்போல உருகி, ஈரத்தைப் பிடித்துவைத்து உலோகத்தை அரிக்கும். ராட் மரையில் மெல்லிசாக வாசலின், குரோம் பரப்பில் மாதம் ஒருமுறை எண்ணெய்த் துணி. கடற்கரையிலிருந்து இரண்டு கி.மீ.-க்குள் வீடு என்றால் வாரம் ஒருமுறை.

கட்டி முடித்த பத்தாம் நாள் ஸ்கின்களை ஒருமுறை கழற்றி, உள்ளிருந்து எல்லா லக் திருகையும் மறுபடி இறுக்குங்கள். புது வாஷரின் கீழ் பிளை கொஞ்சம் அமுங்கியிருக்கும். பெரும்பாலான திருகுகள் கால் சுற்று ஏற்கும்.